ரஹ்மத்துல்லா பாயின் உள்ளங்கால்

12.6.1986 – ஹவாய் செருப்பு – ரூ. 16.50
3.4.1995 – டயர் செருப்பு – ரூ. 45
18.11.2009 – தோல் செருப்பு – ரூ. 320
27.9.2022 – எம்.சி.ஆர். செருப்பு – ரூ. 780
14.2.2023 – ஷூ – ரூ. 2,150

செங்கல்பட்டு ரஹ்மத்துல்லா பாய் அறுபத்தேழு வயதுக்குள் தன் காலுக்கென்று காசு கொடுத்து வாங்கியவை இவ்வளவுதான். முதல் ஜோடி அவருடைய நிக்காஹ்வுக்கு. இரண்டாவது, வேலைக்கு ஆகும் என்று யாரோ சொல்லக் கேட்டு வாங்கியது. ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு, வேனில் கிளட்ச் பிடிபடவில்லை என்று கழற்றிப் போட்டார். மூன்றாவது ஜோடி, மகள் மஹீராவின் நிக்காஹ்வுக்கு. மற்ற நாளெல்லாம் வெறுங்கால்தான். கடைசி இரண்டு ஜோடிகள் ஐந்து மாத இடைவெளியில் வாங்க வேண்டிவந்த கதை இது.

1980 முதல் 2015 வரை அவர் ஐஸ் வேன் ஓட்டினார். ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. இப்போது அங்கே கல்யாண மண்டபம். ஐம்பது கிலோ ஐஸ் பார்களை அடுக்கி, உமி தூவி, ஈரச் சாக்கு போர்த்தி, விடியுமுன் கிளம்புவார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது டீக்கடைகளில் முதல் பால் கொதிக்கும். மாமல்லபுரம் போய்ச் சேரும்போது கடலுக்கு மேல் வெளுத்திருக்கும். அங்கிருந்து குப்பம் குப்பமாக இறக்கிக்கொண்டே வடக்கே போவார். கடைசிக் குப்பம் தேவனேரி. திரும்பும்போது உச்சி வேளையாகிவிடும். திருக்கழுக்குன்றத்தில் மலைக் கழுகைப் பார்க்கக் கூட்டம் அண்ணாந்து நிற்கும். இவரும் வேனை ஓரங்கட்டிவிட்டு, பின்பலகையில் உட்கார்ந்து, தார்ப்பாயில் தேங்கிய ஐஸ் தண்ணீரில் இரண்டு காலையும் வைத்தபடி அண்ணாந்து பார்ப்பார். சொர்க்கம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் அவர் அந்தப் பின்பலகையைத்தான் சொல்வார்.

அவர் தொழிலில் தராசு பெரிதல்ல, கால்தான் பெரிது. தரையில் இறக்கிய பாரின் மேல் லேசான ஈரக் காலை வைப்பார். இறுகிய பார் உள்ளங்காலில் ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது தோல் சுரீரென்று இழுக்கும். உள்ளே இளக ஆரம்பித்த பார் வழுக்கிவிடும். ஒட்டியது கடலில் மறுநாள் வரை தாங்கும், வழுக்கியது மத்தியானத்துக்குள் தண்ணீர். வழுக்கிய பாரை அவர் விலை குறைத்துத்தான் கொடுப்பார். அதனால் அவர் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்குக் குப்பத்தில் மறுபேச்சு கிடையாது.

"இன்னா பாய், ஐஸ் கொண்டாந்தியா, ஐஸ் தண்ணி கொண்டாந்தியா?" என்று தேவனேரி மீனவர் அருணகிரி தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். பாயும் தினமும் காலை வைத்துப் பார்த்துவிட்டு ஒரே பதிலைச் சொல்வார்.

"ஒட்டுது."

காலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதற்கு ஐஸ் கம்பெனியில் ஒரே ஒரு சட்டம் உண்டு. சுட்டால் எடு. குளிர் முற்றினால் நெருப்பு மாதிரிதான் சுடும். சுட்ட பிறகும் வைத்திருந்தவன் தோலை பாரிலேயே விட்டுவிட்டு வருவான். பாய்க்கு ஒருநாளும் அப்படி ஆனதில்லை. அவருடைய கால் அவ்வளவு சரியாகச் சொல்லும்.

அருணகிரி கட்டுமரத்தை விட்டு ஃபைபர் போட்டுக்கு மாறியது 1994இல். போட்டில் பெரிய ஐஸ் பெட்டி இருந்தது. முதல் பார் பெட்டிக்குள் இறங்குமுன் பாய் காலை வைத்துச் சொல்லட்டும் என்று அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அன்றைக்கு வலை நிறைய வஞ்சிரம். விளையாட்டு வழக்கமாகிவிட்டது. அதன்பிறகு அந்தக் குப்பத்தில் எந்தப் புதுப் போட் இறங்கினாலும் கற்பூரம், பூசணிக்காய், அப்புறம் பாயின் கால். இருபது வருஷத்துக்கு மேல் இப்படி நடந்தது. பள்ளிவாசலில் ஒருவர் இதைப் பற்றி முணுமுணுத்தபோது, நான் ஐஸைத்தான் பார்க்கிறேன், சாமியைப் பார்ப்பது அவங்க வேலை என்று பாய் சொல்லிவிட்டார்.

வேன் நின்ற பிறகும் இருவருக்கும் பழக்கம் நிற்கவில்லை. ஆனால் இன்ஜின் பக்கத்திலேயே இருபது வருஷம் உட்கார்ந்திருந்ததில் அருணகிரிக்குக் காது போய்விட்டது. போனில் கத்தினாலும் கேட்காது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த கையெழுத்தில் அவர் இன்லண்டு லெட்டர் போடுவார். பாய் பதில் எழுதுவார். மாதத்துக்கு ஒன்று வரும், சில மாதம் இரண்டு.

பாய்க்குச் சர்க்கரை இருப்பது 2008இலேயே தெரியும். மாத்திரை போடுவார், மறப்பார். கால் எரிச்சல் தொடங்கியது 2019இல். முதலில் எறும்பு ஊர்வது போல. அப்புறம் மிளகாய்த் தூளை மிதித்தது போல. படுத்தால் அதிகமாகும். போர்வையின் நுனி விரலில் பட்டால் முள்ளுக்கம்பி இழுத்த மாதிரி இருக்கும், ஃபேன் காற்று அடித்தால் ஊதுகுழலால் ஊதிய மாதிரி. வீட்டு மொசைக் தரை ஒருநாள் தோசைக்கல், மறுநாள் அவருடைய பழைய பார். ஒரே தரை, ஒரே கால். மனைவி சம்சாத் பேகம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சூட்டுக்கு மருந்து தனக்குத் தெரியாதா என்று பாய் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

2022 மே மாதம், அக்னி நட்சத்திர வெயில். எரிச்சல் பொறுக்க முடியாமல் அவர் மீன் மார்க்கெட்டிலிருந்து அரை பார் ஐஸ் வாங்கிவந்து பெரிய பிளாஸ்டிக் டப்பில் போட்டார். கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு, காலை உள்ளே வைத்தார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! தார்ப்பாய், பின்பலகை, அண்ணாந்த கூட்டம் எல்லாம் கண்ணில் வந்தது. சட்டமும் ஞாபகம் இருந்தது. சுட்டால் எடுத்துவிட வேண்டியதுதான்.

சுடவே இல்லை. எரிச்சல் இருந்தது, ஆனால் அது முன்பே இருந்த எரிச்சல், அவருக்குப் பழகிய எரிச்சல். பாரின் சூடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், அது வரவில்லை. சரி, காலுக்கு இன்னும் குளிர் ஏறவில்லை என்று உட்கார்ந்திருந்தார். பேப்பரை விளம்பரம் வரை படித்து முடித்தார். ஐஸ் கரைந்த பிறகே காலை எடுத்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

ஐந்தாம் நாள் அவர் கொல்லையிலிருந்து உள்ளே நடந்துவந்த தடம் தரையில் ஈரமாக இருந்தது. துடைக்கக் குனிந்த சம்சாத் பேகம் அது தண்ணீர் இல்லை என்று கண்டார். வலது காலில் கொப்புளம் உடைந்து வழிந்திருந்தது. சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்திருந்தன. பாய்க்கு எதுவுமே தெரியவில்லை.

அரசு மருத்துவமனையில் பார்த்தவர் டாக்டர் பிரதீபா. மஹீரா வயதுதான் இருக்கும். அவர் கையில் ஒரு பிடியும் அதன் நுனியில் ஒரு மெல்லிய நைலான் இழையும் இருந்தன. அதைப் பார்த்ததும் பாய்க்குச் சிரிப்பு வந்தது. வலை பின்னும் தங்கூசி! தங்கூசியில் என்ன வைத்தியம் என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, குத்தும் இடத்தில் குத்துகிறது என்று சொல்லுங்கள் என்றார் டாக்டர். பாய் கண்ணை மூடினார். காத்திருந்தார். இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று கேட்டபோது, டாக்டர் இரண்டு காலிலும் பத்து இடம் குத்தி முடித்திருந்தார்.

அடுத்து இரண்டு கண்ணாடிக் குழாய். ஒன்றை உள்ளங்காலில் வைத்து, சூடா, ஜில்லென்று இருக்கிறதா என்று கேட்டார்.

"சூடு," என்றார் பாய்.

பக்கத்தில் நின்ற சம்சாத் பேகம் கையை நீட்டி அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். பாய் கண்ணைத் திறந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். குழாய்க்கு வெளியே பனித்திருந்தது. உள்ளே ஐஸ் தண்ணீர்.

"நரம்பு கெட்டுப்போச்சு ஐயா," என்றார் டாக்டர். "இல்லாத சூட்டைச் சொல்லும். இருக்கிற குளிரைச் சொல்லாது. இந்தக் கால் சொல்றதை இனிமே நம்பாதீங்க. இன்னொரு தடவை ஐஸ் மேல வெச்சீங்கன்னா விரலோட நிக்காது."

ஜூன் 17இல் சுண்டுவிரலை எடுத்தார்கள். அடுத்த விரல் நகத்தை மட்டும் இழந்து தப்பியது. புண் ஆறுமா, புறங்காலுக்கு ஏறுமா என்பது தெரிய நாளாகும் என்றார்கள். பாய்க்கு விரல் போனதைவிட அந்தக் கண்ணாடிக் குழாய்தான் மனதை விட்டுப் போகவில்லை. படுக்கையில் கிடந்து, சூடு என்று சொன்னேனே, சூடு என்று சொன்னேனே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நிலையில்தான் ஆகஸ்ட் 9 அன்று அருணகிரியின் லெட்டர் வந்தது. மகன் தாமோதரன் சொந்தமாகப் புது ஃபைபர் போட் கட்டக் கொடுத்திருக்கிறான், மாசியில் இறக்குகிறோம், முதல் பாருக்கு உன் கால் வேண்டும், வராவிட்டால் போட் மணலிலேயே கிடக்கும் என்று எழுதியிருந்தார். விரல் போன விஷயம் அவருக்குத் தெரியாது. பாய் எழுதவில்லை.

பாய் அன்றே பதில் எழுதி, தபாலில் போடச் சொல்லி மனைவியிடம் நீட்டினார். ஒட்டாமல் இருந்த லெட்டரை சம்சாத் பேகம் படித்தார். கண்டிப்பாக வருகிறேன் என்று மட்டும் இருந்தது.

"டாக்டரம்மா சொன்னது எழுதலியா?"

"எழுதினா அவன் வேணாம்னுடுவான். ஒரு நொடிதானே? வெச்சு எடுத்தா போச்சு."

"வெச்சு எடுத்துட்டு இன்னா சொல்லுவீங்க?"

"ஒட்டுதுன்னு சொல்லுவேன்."

"ஒட்டுச்சா இல்லியான்னு உங்களுக்கு எப்டிங்க தெரியும்?" என்றார் சம்சாத் பேகம். "இத்தினி வருஷம் உங்க கால் சொன்ன நெசத்துலதான் இந்த வூட்டுல அடுப்பு எரிஞ்சுது. இப்ப அது பொய் சொல்லுது. அந்தப் பொய்யைக் கொண்டுபோயி அருணகிரி அண்ணன் பெட்டியில வெக்கப்போறீங்களா?"

சம்சாத் பேகம் லெட்டரை ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். வருகிறேன் என்று சொன்னது சொன்னதுதான்; எப்படி என்பதை அல்லா பார்த்துக்கொள்வான் என்று மஹீராவிடம் மட்டும் சொன்னாராம்.

அதற்குப் பிறகு பாய் காலை வேறு விதமாகப் பார்க்கப் பழகினார். தினமும் காலையில் சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் உள்ளங்காலைப் பிடித்துக் கீறல், சிவப்பு, கொப்புளம் உண்டா என்று பார்ப்பார். வெள்ளைச் சாக்ஸ்தான் போடுவார். ரத்தம் கசிந்தால் தெரிய வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு. கட்டிலின் கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைச் சாய்த்துவைத்து அதன்மேல் போர்வையைப் போட்டார். போர்வை விரலைத் தொடாமல் கூடாரம் மாதிரி நின்றது. பேரன் ஜைத் வந்த அன்று அதற்குள் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றான். சர்க்கரை மாத்திரையை மறப்பதை நிறுத்தினார். நரம்புக்குக் கொடுத்த மாத்திரை எரிச்சலைப் பாதியாக்கியது. மீதிப் பாதியோடு இருந்து பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

தண்ணீர்தான் பெரிய பாடு. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானத்தில் கொதிக்கும். லுஹர் என்னும் மதியத் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது குழாயைத் திறந்து காலில் விட்டால் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு வேளையும் சம்சாத் பேகம் மக்கில் தண்ணீர் பிடித்து, முழங்கையை முக்கிப் பார்த்துவிட்டு, "ம்" என்பார். அந்த "ம்" வந்த பிறகுதான் பாய் காலை நீட்டுவார். முதல் சில வாரம் அவருக்கு அது மானக்கேடாக இருந்தது. என் தண்ணிக்கு நீ இன்னா கவர்மென்ட்டா என்று கடுப்படித்திருக்கிறார். போகப்போக அந்த "ம்"முக்குக் காது பழகிவிட்டது. ஒருநாள் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தபோது, பாய் மக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் கடைசியில் புண் மூடியது. கால் தப்பியது, ஆனால் இனி நீங்கள் காப்பாற்றும் வரைதான் என்றார் டாக்டர். சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பு வாங்கியது அப்போதுதான். பிப்ரவரியில், மாசி பிறந்த மறுநாள், மஹீராவைக் கூட்டிக்கொண்டு போய், கால் வீங்கியிருக்கும் சாயங்கால நேரம் பார்த்து, ஒரு அளவு பெரிய ஷூவாக வாங்கினார். எங்கே போகிறீர்கள் அத்தா என்று மகள் கேட்டதற்கு, கடற்கரைக்கு என்றார்.

போட் இறங்கிய நாள் 2023 பிப்ரவரி 26. இரண்டு பேரும் ஆட்டோ வைத்துக்கொண்டு போனார்கள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் சம்சாத் பேகம் தேவனேரியைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. வழி நெடுக பாய் சொல்லிக்கொண்டே வந்தார்: இந்த வளைவில்தான் டயர் வெடித்தது, இந்த மரத்தடியில்தான் சாக்கை நனைப்பேன், இங்கேயிருந்துதான் கழுகைப் பார்ப்பேன். மரம் இருந்தது. கழுகு வருவது நின்று வருஷக்கணக்காயிற்று. காலை வைத்துத் தொலைக்கப் போகிறாரா, இல்லையா என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. சம்சாத் பேகமும் கேட்கவில்லை.

ரோட்டோரம் ஆட்டோ நின்றதும் அருணகிரி ஓடிவந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பாயின் காலைப் பார்த்ததும் காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில், "இன்னா பாய், கலெக்டராட்டம் ஷூ மாட்டிகினு வந்துகீற!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பாய் பதிலுக்கு ஒரு கையை உயர்த்தி நான்கு விரலைக் காட்டினார். பிறகு வலது காலைக் காட்டினார்.

அருணகிரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் எனக்கு எழுதவில்லை என்பது போல் பாயைப் பார்த்தார். பிறகு திரும்பி மகனைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். தாமோதரனும் வேறு இரண்டு பேரும் போய் ஒரு கட்டு சாக்கைக் கடலில் நனைத்துக்கொண்டு வந்தார்கள். ரோட்டிலிருந்து போட் வரை மணலில் ஒன்றன்பின் ஒன்றாக விரித்தார்கள். அந்தக் காலத்தில் பார்கள் சூட்டு மணலில் பட்டுக் கரையாமல் வழுக்கிக்கொண்டு போக அப்படித்தான் சாக்குப் பாதை போடுவார்கள். பாய் மனைவியின் தோளைப் பிடித்தபடி அந்தப் பாதையில் நடந்தார்.

நீலமும் மஞ்சளுமாகப் போட் நின்றது. கற்பூரம் காட்டி, பூசணிக்காயை உடைத்தார்கள். முதல் பாரை இறக்கிச் சாக்கின் மேல் வைத்தார்கள். கூட்டம் விலகி வழி விட்டது.

பாய் பாருக்கு முன்னால் போய் நின்றார். அதன் மேல் எழும்பிய வெள்ளைப் புகையைப் பார்த்தார். நல்ல பார்தான் என்று கண் சொன்னது. ஆனால் கண் சொல்வதைக் கேட்க யாரும் அவரைக் கூப்பிடவில்லை. குனிந்து ஷூ கயிற்றில் கை வைத்தார். கை அங்கேயே நின்றது.

பாய் நிமிர்ந்தார்.

"சம்சாத், நீ வை," என்றார்.

"நானா?"

"தண்ணிக்கு நீதானே சொல்ற? இதுக்கும் சொல்லு."

சம்சாத் பேகம் அருணகிரியைப் பார்த்தார். அருணகிரிக்குக் காதில் விழாவிட்டாலும் விஷயம் விளங்கிவிட்டது. "வை தங்கச்சி," என்று கையைக் காட்டினார். சம்சாத் பேகம் செருப்பைக் கழற்றி, ஈரச் சாக்கில் காலை ஒற்றி, புர்காவின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலைப் பாரின் மேல் வைத்தார். முகம் சுருங்கியது. எடுக்கப் பார்த்தார், வரவில்லை.

"ஏங்க, ஒட்டிகினுதுங்க. இழுத்தா வரமாட்டேங்குது."

"சுடுதா?"

"கொஞ்சம்." பிறகு, "ஆமா, சுடுது."

"அப்ப எடு," என்றார் பாய்.

தோலை விடாமல் காலை எடுக்க எப்படிச் சாய்க்க வேண்டும் என்று குதிகாலைப் பிடித்துக் காட்டினார். கால் வந்தது. உள்ளங்கால் ரோஜா நிறத்தில் சிவந்திருந்தது. பாய் அதைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, குனிந்த நிலையிலேயே தலையை மட்டும் தூக்கி, கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார்.

"ஒட்டுது."

அருணகிரிக்கு அந்த ஒரு வார்த்தையைக் கேட்கக் காது வேண்டியதில்லை. உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டு, பாரைத் தூக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதத்தில் அருணகிரியிடமிருந்து மூன்று லெட்டர் வந்தன. அவற்றில் கடைசி இது:

"பாய்க்கு வணக்கம். போட் நல்லா ஓடுது. கவர்மென்ட் முகாமுல எனக்குக் காதுக்கு மிஷின் வெச்சிட்டாங்க. இன்ஜின் சத்தம் கேக்குது. மருமக என்னை இன்னா இன்னா சொல்றான்னும் கேக்குது, அதுக்கு மிஷினே வேணாம்னு கீது. இனிமே லெட்டர் வேணாம். போன் பண்ணு. அடுத்த தை மாசம் எங்க பங்காளி போட் இறக்கறான். தங்கச்சி கால் வேணும்னு இப்பவே சொல்லிட்டான். நீ சும்மா கூட வந்தா போதும். காலு எரிச்சல் எப்டி கீது?"

பாய் அன்றைக்கே போன் செய்தார். ஏழு வருஷத்துக்குப் பிறகு அருணகிரி "அலோ" என்றார். கேட்கிறதா, கேட்கிறதா என்று இருவரும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டதிலேயே கொஞ்ச நேரம் போனது.

"எரியுது அண்ணாத்த," என்றார் பாய். "எரிஞ்சிகினேதான் கீது. ஆனா காலு கீது."

பேசி முடித்த பிறகு, வழக்கம்போல் பதில் எழுத வாங்கிவைத்திருந்த இன்லண்டு லெட்டரைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து சம்சாத் பேகத்தின் "ம்" கேட்டது. பாய் லெட்டரை அலமாரியில் வைத்துவிட்டு ஒளு செய்ய எழுந்தார்.

அருணகிரியின் கடைசி லெட்டர் வந்து சேர்ந்த நாள்: 19.7.2023.